முதலில் விழிப்பவள்

“என் பக்கத்தை முதல்ல ஓட்டுங்க மேடம்.”

வீரச்செல்வி கேட்டே விட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ரெஜினா மேடம் அவளுக்குக் கொடுத்த எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான். “இங்க எதை வேணா கேளு. லீவு கேளு. ஏசியைக் குறைக்கச் சொல்லு. காபி வாயில வைக்க முடியலன்னு கத்து. ஓட்டுற வரிசையை மாத்தச் சொல்லி மட்டும் கேக்காத. கேட்டவங்க யாரும் அடுத்த மாசம் இங்க இருந்ததில்ல.” பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு நாள் எதற்கும் வாயை மூடியதில்லை.

ரெஜினா உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பழத்தைத் தட்டில் வைத்தார். “எந்தப் பக்கத்தை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. என் நகல் இருக்கிற பக்கத்தை.”

விஷயம் இதுதான். துணைமின் நிலையங்களில் இனிமேல் மனிதர்கள் உட்காரப் போவதில்லை. மனிதர்களின் நகல்கள் உட்காரும். புயலடிக்கிறது, கம்பி அறுகிறது; எந்த ஊரை அணைத்து எந்த ஊரைக் காப்பாற்றுவது என்று ஒரு நல்ல பொறியாளர் யோசிக்கிற மாதிரியே யோசிக்க வேண்டும். அதற்காக அந்தப் பொறியாளரின் மனத்தையே படியெடுத்து, கணினியின் சேமிப்பு டிரைவான எஸ்.எஸ்.டி.யில் எழுதிவிடுகிறார்கள். தலையில் படியெடுக்கும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தால் நகல் தயார்.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்த ஆய்வகத்தின் வேலை, தயாரான நகல்களில் எதை அனுப்பலாம் என்று சோதிப்பது. ஒரு பணிக்கு இரண்டு பேர். இருவரின் நகலையும் ஒரே கணினியில், ஒரே எஸ்.எஸ்.டி.யில், ஆளுக்குப் பாதியாக ஏற்றுவார்கள். டூயல் பூட். ஒருத்தி விழித்திருக்கும்போது மற்றவள் இல்லை. தூங்குகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை. இருவருக்கும் ஒரே பரீட்சை. வேகமாகவும் சரியாகவும் முடிக்கிற நகல் நானூற்றுச் சொச்சம் நிலையங்களுக்குப் போகும். அதன் சொந்தக்காரிக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலை. தோற்ற நகலை அழித்துவிடுவார்கள். அதன் சொந்தக்காரி பெட்டியைக் கட்டலாம்.

இந்த முறை ஆதிரையும் வீரச்செல்வியும். ஏழு வாரம் ஒத்திகை நடந்தது. ஏழிலும் ஆதிரையின் நகல்தான் முந்தியது. வருகிற செவ்வாய்க்கிழமை எட்டாவது. அதுதான் முடிவு.

“காரணம் சொல்லு,” என்றார் ரெஜினா.

“சூடு.”

“என்ன சூடு?”

“டிரைவ் சூடு மேடம். ஆதிரை நகல் முதல்ல ஓடுது. அது டிரைவைப் போட்டு உருட்டி எடுத்துட்டுப் போகுது. அது போன கையோட என் நகலை எழுப்புறீங்க. சூடேறின டிரைவ் கருகிடக் கூடாதுன்னு தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். நகலுக்கு மூளையே அந்த டிரைவ்தான். நெனைக்கிறது, ஞாபகம் வச்சுக்கிறது எல்லாம் அதுலருந்து எடுத்துத்தான். அது நொண்டினா என் நகலும் நொண்டும்.”

“இது உன் ஊகம்.”

“ஊகமில்ல. தெனம் காலைல ரெண்டு பக்கத்தையும் அளக்கிறது யாரு? நான்தான? ஆறின டிரைவ்ல ரெண்டு பக்கமும் ஒரே வேகம். நொடிக்கு ஏழாயிரம் எம்.பி. போன செவ்வாக்கிழம ஆதிரை பக்கம் முடிஞ்ச உடனே அளந்தேன். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.”

“உன்னை யாரு அப்ப அளக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. இந்த ஆய்வகம் வந்து ஏழு வருசமா யாருமே சொல்லல. அதான் நானே அளந்தேன்.”

ரெஜினா சிரிக்கப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். “இங்க பாரு செல்வி. வரிசையை யாரும் உக்காந்து முடிவு பண்ணல. வருகைப் பதிவேட்டுல எப்படி இருக்கோ அப்படியே ஏத்துறோம். இங்கிலீஷ் எழுத்துப்படி ஏ முதல்ல, வி கடைசியில. இதுல யாருக்கும் உள்நோக்கம் கிடையாது.”

உள்நோக்கம் கிடையாதாம். வீரச்செல்விக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சாத்தூர்ப் பள்ளிக்கூடத்திலும் யாருக்கும் உள்நோக்கம் இருக்கவில்லை. அவள் எண் ஐம்பத்தெட்டு. வேதியியல் செய்முறைக்கு ஐம்பத்தெட்டு வந்து சேரும்போது அமிலப் புட்டியில் அடிமண்டிதான் இருக்கும். கல்லூரியில் ஒரு கணினிக்கு மூன்று பேர். பெயர் வரிசைப்படி உட்காரவைத்ததில் அவளுக்கு மூன்றாவது நாற்காலி. விசைப்பலகை இரண்டாவது நாற்காலியைத் தாண்டி வந்ததே இல்லை. தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கும் அப்பாவும் அம்மாவும் குலசாமி பெயரை ஆசையாக வைத்தார்கள். அந்தப் பெயர் தங்கள் மகளை எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“இதுவரைக்கும் இருபத்து மூணு ஜோடி மேடம். தேர்வானவங்க பேரைச் சேத்து வாசிச்சுப் பாத்திருக்கீங்களா? பதிவேட்டுல ரெண்டாவதா இருந்தவங்க ஒருத்தராச்சும் ஜெயிச்சிருக்காங்களா?”

ரெஜினா கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “வாசிச்சிருக்கேன்,” என்றார் மெதுவாக. “அதனாலதான் கேக்காதன்னு சொன்னேன். ஒரு தடவை வரிசையை மாத்தி, முடிவும் மாறிடுச்சுன்னு வை. முன்னாடி அனுப்பின இருபத்து மூணும் சந்தேகத்துல நிக்கும். அதுங்க இப்ப ஊர் ஊரா உக்காந்து வேலை பாத்துட்டு இருக்குதுங்க. அதையெல்லாம் பிடுங்கச் சொல்றியா?”

“நான் அதெல்லாம் கேக்கல. செவ்வாக்கிழம மட்டும் என்னை முதல்ல ஓட்டுங்க. இல்லன்னா சோதனை அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன். அளந்தவ கையெழுத்து இல்லாம அந்த அறிக்கையை எங்க கொண்டுபோவீங்க?”

ரெஜினா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, “வாயாடி!” என்றார். “உன்னை எவன் கட்டப்போறானோ. சரி போ. ஒரு தடவைதான்.”

ஆதிரை கெட்டவளாக இருந்திருந்தால் வீரச்செல்விக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆதிரையின் அப்பா அலுவலகத்தில் கழித்துப் போட்ட கணினிகளை வீட்டுக்கு எடுத்துவருவாராம். எட்டு வயதிலேயே அவள் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். நிரலில் எங்கேயாவது சிக்கினால் அம்மாவைக் கூப்பிடுவாள்; அந்த அம்மா சமையல் செய்தபடியே போனில் எந்த வரியில் பிழை என்று சொல்லுவார். வீரச்செல்வியின் அம்மா போனில் கேட்பது “சாப்ட்டியா, வேல கஷ்டமா” என்கிற இரண்டே கேள்வி. ஆதிரை மேடத்தை ‘ரெஜி’ என்று கூப்பிடுவாள், மேடமும் திரும்பிப் பார்ப்பார். “செல்வி, நெஜமா சொல்றேன்பா, நீ என்னைவிட ஷார்ப்,” என்பாள். அதைச் சொல்லுகிற இடத்தில் இருப்பதும் அவள்தானே என்று வீரச்செல்விக்குத் தோன்றும். ஆதிரை கேன்டீனில் சிரித்தால் இவளுக்குக் கையிலிருக்கும் சோறு இறங்காது. எத்தனை நொடி சிரித்தாள் என்று எண்ணியிருக்கிறாள், வெட்கக்கேடு.

நகல் எடுத்த ஒன்பது நாளும் அப்படித்தான். தொப்பி ஒன்றுதான் இருந்தது. காலையில் ஆதிரைக்கு, மத்தியானம் இவளுக்கு. தலையில் மாட்டும்போது இன்னொருத்தியின் கதகதப்பும் ஷாம்பு வாசமும் அதில் மிச்சமிருக்கும். அந்த வாசத்தோடுதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் மனம் படியானது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எட்டாவது சோதனை தொடங்கியது. ஒரு கற்பனை ஊர், ஒரு கற்பனைப் புயல், ஆறு மின்வழித்தடங்களில் மூன்று அறுந்துவிட்டன. ஊரை மீட்க வேண்டும். விதி எளிமையானது. பரீட்சையை முடித்த நகல் தானே கட்டளை கொடுத்து இடத்தை விட வேண்டும்; எப்போது என்பது அதன் முடிவு. அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதன்பிறகு மற்றவள் விழிப்பாள்.

வீரச்செல்வியின் நகல் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் விடையைக் கொடுத்தது. இதுவரை யாரும் தொடாத நேரம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆதிரையே, “ஏய்! முப்பத்தெட்டா?” என்று இவள் தோளில் தட்டினாள்.  பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று யாரையோ கேட்கத் தோன்றியது வீரச்செல்விக்கு. ஒரு காபி எடுத்துவரப் போனாள். வாயில் வைக்க முடியாத அந்தக் காபிகூட அன்றைக்கு இனித்தது.

பதினோரு மணிக்கு ஆதிரையின் நகல் விழித்தது.

ஆறு நிமிடம் ஓடியது. தடுமாறியது. பத்தாவது நிமிடத்தில் டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக நின்றுவிட்டது. நினைவை எடுக்கப் போன இடத்தில் கதவு சாத்தியிருந்தால் எப்படி இருக்கும்? ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த சொற்ப நினைவில் நகல் பேசியது திரையில் வரிவரியாக வந்தது. ‘எனக்கு எதுவும் ஞாபகம் வரல.’ ‘யாராவது இருக்கீங்களா?’ ‘யாராவது இருக்கீங்களா?’ அதே வரி நாற்பது தடவைக்கு மேல். கற்பனை ஊரின் ஆஸ்பத்திரி பதினோரு நிமிடம் இருட்டில் கிடந்தது.

ஆதிரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது நான்தானே,” என்றாள். “நான்தானே அங்க கூப்பிட்டுட்டு இருக்கேன்.” பிறகு எழுந்து கழிப்பறைப் பக்கம் போனாள்.

ஜெயித்தாயிற்று. ரெஜினா வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிடிவாதக்காரி. அறிக்கையைத் தயார் பண்ணிக் கையெழுத்துப் போடு.”

கையெழுத்துப் போடத்தான் உட்கார்ந்தாள். டிரைவின் வெப்ப வரைபடத்தைப் பார்த்ததும் பேனா நின்றது. வெறும் பரீட்சைச் சூட்டில் டிரைவ் நொண்டும், நிற்காது. ஏழு வாரம் அதே சூட்டில் இவளுடைய நகல் நொண்டி நொண்டியாவது ஓடி முடித்திருக்கிறது. இன்றைக்கு எப்படி நின்றது? பதிவைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் விடை. அதன்பின் நகல் இடத்தை விடவில்லை. இருபத்திரண்டு நிமிடம் டிரைவில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. உச்ச வேகத்தில். எழுதியதைத் திறந்து பார்த்தாள். அர்த்தமே இல்லாத எண்கள். எழுதி, அழித்து, எழுதி, அழித்து. அறுபதாவது நிமிடம் நெருப்பு மாதிரி கொதிக்கும் டிரைவை அடுத்தவள் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ஆதிரையின் நகல் ஏழு வாரமும் முடித்த அந்த நொடியிலேயே இடத்தை விட்டிருந்தது. அதையும் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அறிக்கையை ரெஜினாவின் மேசையில் விரித்தாள். அவர் வெகுநேரம் படித்தார்.

“விதி மீறலையே,” என்றார். “ஒரு மணி நேரம் அதுக்கு உரிமை இருக்கு. முழுசா இருந்துட்டுப் போச்சு.”

“வேணும்னே சூடேத்திருக்கு மேடம்.”

“ஏத்தட்டும். இவ்வளவு யோசிச்சிருக்கே, அதைப் பாரு. விட்டுக்கொடுக்காத நகல். கேக்கிறவங்களுக்கு இதுதான் பிடிக்கும்.”

“இது போய் உக்காரப்போற நிலையத்துல பெட்டி எப்படி இருக்கும்?”

“இதே மாதிரிதான். ஒரு பெட்டி, ரெண்டு பக்கம், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஊர். பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி விழிக்கும். ரெண்டு பக்கமும் உன் நகல்தான். அப்புறம் என்ன? உனக்கு நீயே குழி பறிச்சுப்பியா?”

வீரச்செல்வி நேரே சோதனை அறைக்குப் போனாள். டிரைவ் ஆறியிருந்தது. தன் பக்கத்தை எழுப்பி, மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். நகலோடு பேச அளப்பவளுக்கு அனுமதி உண்டு. இதுவரை அவள் பேசியதில்லை, கூச்சம்.

“யாரு?” என்றது ஒலிபெருக்கி. அவள் குரலேதான். ஆனால் அலுவலகத்துக்காக அவள் தேய்த்து வைத்திருந்த பேச்சு இல்லை. அசல் சாத்தூர்ப் பேச்சு.

“நான்தான்.”

“நீயா? வா புள்ள. ஜெயிச்சுட்டோம்ல?”

“முடிச்ச பெறகு ஏன் எந்திரிக்கல?”

அது சிரித்தது. “ஏழு தடவ நான் முழிக்கும்போதெல்லாம் கொதிச்சுக் கெடந்துச்சு. எனக்கு முந்தி ஒருத்தி உக்காந்துட்டுப் போன நாற்காலி கணக்கா. மொத மொதல்ல இன்னைக்குத்தான் சில்லுனு இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, இன்னைக்கு நான் முன்னால, அவ பின்னால. சும்மா விடுவேனாக்கும்?”

“அங்கிட்டு யாருன்னு தெரியுமா உனக்கு?”

“வேற யாரு? அந்த ஷாம்புக்காரிதான். உனக்குச் சந்தோசமா இல்லையா? பொய் சொல்லாத, எனக்குத் தெரியும்.”

வீரச்செல்விக்குச் சந்தோஷமாக இருந்தது உண்மை. காபி இனித்தது உண்மை. அதை இதனிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“ஒண்ணு கேக்கேன்,” என்றாள். அவளுக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “நாளைக்கு உன்னைய ஒரு நெலையத்துல வைக்காக. அங்கிட்டுப் பக்கத்துலயும் நீயேதான் இருக்க. வேற யாரும் இல்ல. வீரச்செல்வியேதான். அப்ப என்ன செய்வ?”

டிரைவின் விளக்கு விடாமல் மின்னியது, நகல் யோசிக்கிறது.

“அவ எனக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டது.

வீரச்செல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நானூற்றுச் சொச்சம் நிலையங்களுக்கு இருநூற்றுச் சொச்சம் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வீரச்செல்விகள். ஒருத்தி எழுந்து போகும்போது அடுத்தவளுக்குத் தீயை வைத்துவிட்டுப் போவாள். அடுத்தவள் தன் முறைக்காகக் காத்திருந்து திருப்பி வைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஊர்கள் அணைந்து அணைந்து எரியும். இதை யாரும் நகலுக்குள் எழுதவில்லை. ஒன்பது நாள் தொப்பிக்குள் அவளே கொண்டுபோய்க் கொட்டியது.

“ஏ, சொல்லு. நாமதான போறோம்?” என்றது அது.

“நாமதான்,” என்று சொல்லி அணைத்தாள். தன்னிடமே சொன்ன பொய்.

இடத்துக்கு வந்து படிவத்தைத் திறந்தாள். நகலை அனுப்புகிற நொடி வரைக்கும் சொந்தக்காரி அதைத் திரும்பப் பெறலாம்; திரும்பப் பெற்றால் அழித்துவிடுவார்கள், வேலையும் அத்தோடு சரி. காரணம் என்ற கட்டத்தில் ‘இது நான். அதனால்தான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். பிறகு இன்னொரு கடிதம். ஏழு வாரத்து எண்கள், எட்டாவது வாரத்து எண்கள், வரிசை மாறியதும் என்ன ஆனது, தன் நகல் என்ன செய்தது, எதையும் மறைக்காமல். பதிவேட்டில் இரண்டாவதாக இருந்ததால் தோற்ற இருபத்து மூன்று பேருக்கும், நகல்களை வாங்குகிறவர்களுக்கும் அனுப்பினாள். ரெஜினாவுக்கும் ஒரு பிரதி. அதெல்லாம் கேக்கல என்று அன்றைக்குச் சொன்னவள்தான். இன்றைக்குக் கேட்கவும் இல்லை, செய்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் ஆய்வகமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. ரெஜினாவின் அறையில் அவர் நின்றுகொண்டே யாருக்கோ “சார், சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வீரச்செல்வியைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஏழு வருடமாக வாசித்துப் பார்த்தும் பேசாமலிருந்த ஒருத்தியின் களைப்பும் இருந்தது.

பையில் டிபன் பாக்ஸையும் சார்ஜரையும் போட்டு, வாசலுக்கு நடந்தாள். நடைவழியில் ஆதிரை நின்றிருந்தாள். முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

“தேர்வையே நிறுத்தி வச்சுட்டாங்க,” என்றாள். “உன் நகலை நீ எடுத்துட்ட. சரி. அப்ப எனக்குத்தானே வரணும்? இப்ப எனக்கும் இல்ல.”

“இல்ல.”

“நியாயம், வரிசை எல்லாம் ஓகே. நான் ஒத்துக்கறேன். எனக்குத் தெரியாம நடந்தது, தெரிஞ்சிருந்தா நானே கேட்டிருப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு செல்வி.” ஆதிரையின் குரல் முதல் தடவையாகக் கரகரத்தது. “எனக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னுதானே இதைச் செஞ்ச?”

வீரச்செல்வி அவளை நேராகப் பார்த்தாள். நல்ல பெண். தலைமுடியிலிருந்து அதே வாசம். வயிறு இப்போதும் எரிந்தது. எரியாது என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

“அதுவும்தான்,” என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.